கோயில் தோறும் ஒரு மழை நோட்டு
தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலோரத் தமிழ் ஆலயங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

நம் கோயில்களில் உபயக் கணக்கு ஒரு சென்ட் பிசகாமல் எழுதப்படுகிறது. அதே மேசையில், அன்றாடம் பெய்யும் மழையை அளந்து எழுத ஒரு நோட்டும் வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தை 1905இல் வெள்ளம் கொண்டுபோயிற்று. அதற்குப் பதிலாகக் கேட்டோ மேனர் பகுதியில் இன்று நாம் கும்பிடும் ஆலயம் 1947இல் கட்டியது. 1917இல் உம்கேனி ஆறு பெருகியபோது, ஆற்றோரத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த நம்மவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் படவட்டான் குழுவின் ஆறு மீனவர்கள் படகில் போய் மீட்டார்கள். அந்தக் கதை பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்திருக்கிறது. அன்று எந்தத் தோட்டத்தில் எவ்வளவு பெய்தது என்ற கணக்கு நம் கோயில்களில் இல்லை.

டர்பனில் ஆண்டு முழுதும் பெய்வது ஏறக்குறைய 1000 மி.மீ. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. 400 பேருக்கு மேல் மாண்டார்கள். டொங்காட் ஊரின் குடிநீர் நிலையம் சிதைந்து, ஊரே மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றது. அந்த மழையை ஆராய்ந்த 'வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன்' என்ற பருவநிலை ஆய்வாளர் குழு, பூமி சூடேறும் முன் 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்றது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 விழுக்காடு கூடும். நம் கரையோரம் ஓடுவதோ அகுல்யாஸ் என்ற வெதுவெதுப்பான கடல் நீரோட்டம்; காற்றுக்கு ஈரம் தர அதுவும் இருக்கிறது.

2022 வெள்ளம் பெரிய வெள்ளிக்குச் சில நாள் முன்னால் வந்தது. 2019 வெள்ளம் ஈஸ்டர் திங்கள் இரவில். இரண்டுமே தீமிதிக்குக் கூட்டம் கூடும் காலம். ஆற்றை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டு வண்டி நிறுத்த நினைக்கும் குழுக்கள் இதை மறக்க வேண்டாம்.

ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் மாற்றம் பிடிபடாது. அதே 1000 மி.மீ. நூறு நாளில் தூறினால் தோட்டம் செழிக்கும். பத்தே நாளில் கொட்டினால் சரிவில் உள்ள வீடுகள் சரியும். ஆகவே தினக்கணக்கு வேண்டும். வானிலைச் சராசரி எடுக்கவே 30 ஆண்டுப் பதிவு கேட்கிறார்கள். ஒரே முற்றத்தில் ஒருவரே அத்தனை காலம் அளப்பது அரிது. அன்றாடம் காலைப் பூசைக்குக் கதவு திறக்கும் இடத்தில் அது நடக்கும்.

மழையைப் பிடித்து அளக்கும் குழாயான மழைமானியைக் கோபுரத்துக்கும் மாமரத்துக்கும் எட்டத்தில், வெட்டவெளியில் கம்பம் நட்டுப் பொருத்துங்கள். காலை 8 மணிக்குக் கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால், குழாயின் ஓரங்களில் நீர் சற்று ஏறியும் நடுவில் குழிந்தும் இருக்கும். குழிந்த அடிமட்டம்தான் அளவு. பெய்யாத நாளில் 0 என்று எழுதியே ஆகவேண்டும். வெற்றிடம் விட்டால் மழை இல்லையா, ஆள் பார்க்கவில்லையா என்று பிற்பாடு விளங்காது. சின்னக் குழாய் வாங்காதீர்கள், கணக்கு அவசியமான வெள்ள நாளில்தான் அது வழியும்.

அக்டோபரில் கோடை மழை தொடங்குமுன் நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், மவுண்ட் எஜ்கம்ப் எங்கும் ஒரே நேரத்தில் அளந்தால் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மழை எப்படி வேறுபடுகிறது என்பது புலப்படும். தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படையுங்கள்; மாதந்தோறும் ஒரு நகல் வானிலைத் துறைக்கும் நகராட்சிக்கும் போகட்டும்.

அன்புடன்,
ஆலய அடியார் ஒருவர், டர்பன்