மூளைத்தண்டுக் கட்டியும் அறுவை சிகிச்சையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்களுக்கு மூளைத்தண்டில் கட்டி என்றதுமே, ‘அங்கே கத்தி வைக்க முடியாது’ என்று உறவினர்கள் முடிவு கட்டிவிடுவதை, என் தங்கை கணவரின் சிகிச்சைக் காலத்தில் நேரில் கண்டவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நடுமூளை, பான்ஸ், முகுளம் ஆகியவை சேர்ந்த அந்தச் சிறிய தண்டில்தான் மூச்சு, விழுங்குதல், கண்ணசைவு ஆகியவற்றின் நரம்பு மையங்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஆகவே அச்சம் நியாயமானதே. நரம்புத் திசுவோடு கலந்து பரவிய கிளையோமாவை (நரம்பணுக்களைத் தாங்கும் துணை அணுக்களிலிருந்து தோன்றும் கட்டி) வெட்டி எடுக்க இயலாது; அதற்குக் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. ஆனால், எல்லை தெளிவாகத் தெரிகிற கட்டியையும், தண்டிலிருந்து அதன் பின்னாலுள்ள, நீர் நிறைந்த நான்காம் மூளை அறைக்குள் பிதுங்கி வளர்ந்த கட்டியையும், எம்.ஆர்.ஐ. படத்தில் நரம்புப் பாதைகளை முன்பே ஆராய்ந்து, அறுவையின்போது முக நரம்பு முதலியவற்றை மின்தூண்டலால் கண்காணித்தபடி, தேர்ந்த மருத்துவர்கள் பெருமளவு அகற்றுகிறார்கள். நரம்பு மையத்தோடு ஒட்டிய கிளையோமாப் பகுதியைச் சிறிதளவு விட்டுவைப்பதும் நல்ல மருத்துவமே. படத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நம் நாட்டில் மருந்துக்குக் கரையும் காசநோய்க் கட்டியும் அங்கே தோன்றுவதுண்டு. ஐயமிருந்தால் திசுப் பரிசோதனை வேண்டும்.

அறுவைக்குப் பின் விழுங்கும் திறனும் இருமலும் சில காலம் குன்றக்கூடும். எங்கள் வீட்டில் ஆறு வாரம் மூக்குக் குழாய் வழியாகவே கஞ்சி கொடுத்தோம். அதை முன்கூட்டி எவரும் சொல்லவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன், இவற்றைக் குடும்பத்தாருக்குத் தமிழில் பொறுமையாக விளக்குமாறு மருத்துவமனைகளை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், மதுரை