சாண்டி ஹுக் வழியாக வந்தேன்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு போனில், "கென்டக்கி பட்டிக்காட்டுக்காரங்க என்னைக்குமே குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாயே, அது உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று ஒரு வேலையாகச் சாண்டி ஹுக் வழியாக வந்தேன், எழுதிவிடலாம் என்று தோன்றியது. கென்டக்கியில் எலியட் கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தலைமை ஊர் அது. கவுண்டி முழுக்கவே ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

அந்தக் கவுண்டி உருவானது 1869-ல். 1872 முதல் 2012 வரை 36 அதிபர் தேர்தல், ஒன்றில்கூடக் குடியரசுக் கட்சி அங்கே ஜெயித்ததில்லை, எல்லாமே ஜனநாயகக் கட்சிதான், தெரியுமா? குடியரசுக் கட்சியின் நிக்சன் 1972-லும் ரீகன் 1984-லும் ஐம்பதில் 49 மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனபோதுகூட இவர்கள் அசையவில்லை. ஏறக்குறைய எல்லாருமே வெள்ளைக்காரர்கள், ஆனாலும் 2008-ல் ஒபாமாவுக்கு 61 சதவீதம் போட்டார்கள்.

ஏன் என்றால், என் கணக்கில் புகையிலை. மலைச்சரிவில் பெரிய விவசாயம் எங்கே நடக்கும்? கொஞ்ச நிலத்தில் பர்லி என்ற வகைப் புகையிலை போட்டு, வெட்டி, கொட்டகையில் தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்தி, ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். 1930-களில் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த ஏற்பாட்டில் நிலத்துக்கு இவ்வளவு என்று கோட்டாவும், விலை அதற்குக் கீழே இறங்காது என்ற உத்தரவாதமும் இருந்தன. வீட்டில் அடுப்பெரிய வைத்த கட்சி என்று தாத்தா போட்டதையே பேரனும் போட்டான்.

2004-ல் சட்டம் போட்டு அந்தக் கோட்டா ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். இழப்பீடு பத்து வருஷத் தவணையாக வந்து 2014-ல் தீர்ந்தது. 2012-ல் ஒபாமா நூறு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தப்பித்தார், 2016-ல் டிரம்ப்புக்கு 70 சதவீதம். புகையிலை மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், சர்ச், துப்பாக்கி, நிலக்கரி எல்லாம் கலந்ததுதான். ஆனால் 2019 ஆளுநர் தேர்தலில் அதே மக்கள் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியருக்குப் போட்டார்கள். அதனால்தான் உன் "என்னைக்குமே"வை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, கண்ணு. நானும் இங்கே வந்த புதிதில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், அது வேறு விஷயம்.

வழியில் பழைய கொட்டகைகள் பலகை பெயர்ந்து நிற்கின்றன. ஒன்றில் வைக்கோல் உருளை அடுக்கியிருந்தது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். தீபாவளிக்கு வந்தால் உன்னையும் அந்தப் பக்கம் கூட்டிப்போகிறேன். டிக்கெட் போட்டாயா என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா