சந்தா ரசீது ஓட்டாகாது: இடுக்கிக் கட்சிகளுக்கும் தோட்டச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

இடதுசாரி, காங்கிரஸ், பாஜக என்ற மூன்று முன்னணிகளின் மாவட்டப் பொறுப்பாளர்களுக்கும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலூகாக்களின் தோட்டச் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் உங்கள் கமிட்டி ஆபீசுகளில் எழும் பேச்சு ஒன்றுதான்: "எஸ்டேட் தமிழன் மாறிட்டான்." தோட்டத்தின் எந்த டிவிஷனில், எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), எத்தனை பேர், யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்டால் பதில் வராது. 2025 உள்ளாட்சித் தேர்தல் முடிந்துவிட்டது. வரைவு வாக்காளர் பட்டியலும் 2025 டிசம்பர் 23-ல் வெளியாகிவிட்டது. 2026 சட்டமன்றத் தேர்தல் வருமுன் உங்கள் கணக்கு நோட்டை ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். பூத் வாரியாக எண் பார்ப்பது எங்கள் வேலை. எந்த முன்னணிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை.

உங்கள் பழைய கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு டிவிஷனில் மார்க்சிஸ்ட் சங்கமான சிஐடியு இத்தனை பேர், இந்தியக் கம்யூனிஸ்ட் சங்கமான ஏஐடியுசி இத்தனை, காங்கிரஸ் சங்கமான ஐஎன்டியுசி இத்தனை. சந்தா சம்பளத்திலேயே பிடித்தமாகிறது. சங்கக் கன்வீனர் ஒரு வார்த்தை சொன்னால் லயம் மொத்தமும் அந்தச் சின்னத்துக்குப் போகும். இந்தக் கணக்கு நெடுங்காலம் பொய்க்கவும் இல்லை. தேவிகுளத்தில் 1991, 1996, 2001 என்று மூன்று முறை காங்கிரசின் ஏ.கே. மணி. அடுத்து 2006, 2011, 2016 என்று மூன்று முறை மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன். வெளியூர்க்காரர் பார்த்தால் அப்பன் போட்ட சின்னத்துக்கே பிள்ளையும் போடுகிற ஊர் என்றுதான் சொல்வார்.

ஆனால் அந்த 2016 முடிவையே கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். ராஜேந்திரன் ஜெயித்தது 5,782 ஓட்டில். எல்லைக்கு அப்பாலிருந்து வந்து இரட்டை இலையில் நின்ற அதிமுக வாங்கியது 11 ஆயிரத்துக்கு மேல். அந்த 11 ஆயிரத்தில் பெரும்பங்கு உங்கள் மூன்று சங்கங்களில் ஏதோ ஒன்றுக்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுடையதாகத்தான் இருக்க முடியும். அதே தேர்தலில் பீர்மேட்டின் வித்தியாசம் 314, உடும்பன்சோலையின் வித்தியாசம் 1,109. இரண்டு மூன்று லயம் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சாய்ந்திருந்தால் பீர்மேட்டில் எம்எல்ஏவே வேறு ஆள்.

ரசீதும் ஓட்டும் வேறு வேறு என்பதை 2015 செப்டம்பரிலேயே பெண்கள் ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தபோது கொழுந்து எடுக்கும் பெண்கள் மூணாறில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. கடைசியில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று பழைய 20 வந்தது. பின்னர் தினக்கூலியும் 232-லிருந்து 301 ரூபாய் ஆனது. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அந்தப் பெண்களின் அமைப்பான பெம்பிளை ஒருமை சில இடங்களைப் பிடிக்கவும் செய்தது. ஆறு மாதம் கழித்து சட்டமன்றத் தேர்தலில் நின்ற அவர்கள் வேட்பாளருக்கு ஆயிரம் ஓட்டுகூட இல்லை. "பார்த்தீர்களா, கோபம் ஆறிவிட்டது" என்று சங்கங்கள் அன்று நிம்மதியானது தப்பு. வார்டுக்கு ஒரு கணக்கு, சட்டமன்றத்துக்கு ஒரு கணக்கு என்று அந்தப் பெண்கள் பிரித்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பிரிப்பு மாவட்டம் முழுக்க உண்டு. இடுக்கி நாடாளுமன்றத் தொகுதியில் 2014-ல் இடதுசாரி ஆதரவு பெற்ற ஜாய்ஸ் ஜார்ஜ் 50,542 ஓட்டில் ஜெயித்தார். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்புக்கான கஸ்தூரிரங்கன் அறிக்கை பயத்தில் மலையோர விவசாயிகள் திரண்ட காலம் அது. 2019-ல் அதே தொகுதியை காங்கிரசின் டீன் குரியாகோஸ் 1,71,053 ஓட்டில் எடுத்தார். இரண்டே வருஷத்தில், 2021-ல், மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளில் நான்கு இடதுசாரிகள் பக்கம். தேவிகுளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜாவின் வித்தியாசம் 7,848. மறுபடி 2024-ல் டீன் 1,33,727-ல். இவ்வளவு பெரிய ஊசலைப் பார்த்தபிறகும் "பாரம்பரிய ஓட்டு" என்று மேடையில் பேசுவது கேட்க வேடிக்கையாக இருக்கிறது.

சரி, எப்படி எண்ணுவது?

தேர்தல் ஆணையத்தின் படிவம் 20-ல் பூத் வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த ஓட்டு இருக்கும். 2016, 2019, 2021, 2024 நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தப்பு இங்கேயே நடக்கிறது: பூத் எண்ணை வைத்து ஒப்பிடுகிறார்கள். பூத்களை மறுசீரமைக்கும் ஒவ்வொரு முறையும் எண் நகரும். இப்போது ஒரு பூத்துக்கு 1,200 வாக்காளர்தான் உச்சவரம்பு என்பதால் இன்னும் பல பூத்கள் உடையும். எண்ணை நம்பினால் பக்கத்து டிவிஷன் ஓட்டை உங்கள் ஓட்டு என்று நினைத்துத் தலையில் கை வைப்பீர்கள். பள்ளிக்கூடக் கட்டடம், டிவிஷன் பெயர், லைன் பெயர் இவற்றை வைத்துப் பொருத்துங்கள். தபால் ஓட்டு பூத் கணக்கில் வராது, அதைத் தனியே வையுங்கள்.

அடுத்தது, குறைந்த ஓட்டை மூன்றாகப் பிரிப்பது. போன ஓட்டு, வராத ஓட்டு, மாறிய ஓட்டு. ஓர் உதாரணக் கணக்கு: முன்பு 700 பேர் போட்ட பூத்தில் உங்களுக்கு 350. இப்போது 600 பேர் போட்டதில் 290. "60 ஓட்டு மாறிவிட்டது" என்று மாவட்டக் கமிட்டிக்கு ரிப்போர்ட் போகும். உண்மையில் பங்கு 50 சதவீதத்திலிருந்து 48.3 ஆகியிருக்கிறது. பங்கு குறையாமல் இருந்திருந்தால் 300 வந்திருக்கும். அப்படியானால் மனசு மாறியது பத்துப்பேர் அளவுதான். மீதி 50 பேர் ஊரைவிட்டுப் போனவர்கள் அல்லது பூத்துக்கே வராதவர்கள். பட்டியலில் இருந்த மொத்தப் பெயர்களையும் பக்கத்தில் வைத்தால் அதில் போனது எது, வராதது எது என்று தெரிந்துவிடும். அந்தப் பத்துப்பேருக்காகக் கொள்கை விளக்கக் கூட்டம் போட்டுவிட்டு, ஐம்பதுபேரை மறந்துவிடுகிறீர்கள்.

அந்த ஐம்பது எங்கே போகிறது? ஓய்வு பெற்றவர் லயத்தைக் காலி செய்தால்தான் சர்வீஸ் பணம் (பணிக்கொடை) என்பது பல தோட்டங்களில் நடைமுறை. இங்கே சொந்தமாகக் கையளவு மண் இல்லாதவர் தேனிக்கோ தென்காசிக்கோ போகிறார். பெயர் கொஞ்சநாள் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அவர் இடத்துக்கு அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆள் வருகிறது. அவர்களில் பலருக்கு இங்கே ஓட்டே கிடையாது. பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் இடத்தில்) தலை எண்ணிக்கை அப்படியே இருக்கும், பூத்தில் குறையும். பீர்மேட்டில் மூடிக்கிடக்கும் தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். சம்பளமே இல்லாத இடத்தில் சந்தாப் பிடித்தம் ஏது, கன்வீனர் ஏது?

மாறிய ஓட்டைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளாட்சித் தேர்தலின் மூன்று ஓட்டு. கிராமப் பஞ்சாயத்துக்கு வெள்ளை, பிளாக்குக்கு ரோஸ், மாவட்டப் பஞ்சாயத்துக்கு நீலம். ஒரே ஆள், ஒரே நிமிஷம், மூன்று பெட்டி. வெள்ளையில் பக்கத்து லயத்துப் பெண்ணுக்கும், ரோசில் சங்கம் சொன்ன ஆளுக்கும், நீலத்தில் பிடித்த சின்னத்துக்கும் போடுகிறார்கள். ஒரு வார்டில் வெள்ளையில் உங்களுக்கு 300-ம் நீலத்தில் 220-ம் என்றால், அந்த 80 பேர் வேட்பாளருக்குப் போட்டவர்கள், கட்சிக்குப் போட்டவர்கள் இல்லை. சட்டமன்றத்தில் அவர்களை நம்பி எண்ணாதீர்கள். இதில் ஒரு சிக்கல்: மூன்றையும் போட விருப்பம் இல்லாதவர் கடைசிப் பெட்டியில் உள்ள எண்ட் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால்தான் நீளமான பீப் சத்தம் வந்து ஓட்டு முடிந்ததாகும். வயசானவர்கள் வெள்ளையை மட்டும் அமுக்கிவிட்டு நகர்வது அடிக்கடி நடக்கும். ஆகவே மூன்று பெட்டியின் மொத்தங்களையும் முதலில் சரிபாருங்கள். நீலத்தில் மொத்தமே குறைவாக இருந்தால் அது மாற்றம் அல்ல, போடாமல் விட்டது.

இனி இரட்டைப் பெயர் விவகாரம். ஒரே ஆளின் பெயர் மூணாறிலும் தமிழ்நாட்டின் போடியிலும் இருப்பது நமக்கெல்லாம் தெரிந்த ரகசியம். 2021 ஏப்ரல் 6-ல் இரண்டு மாநிலத்திலும் ஒரே நாள் ஓட்டு. ஓ. பன்னீர்செல்வமும் தங்க தமிழ்ச்செல்வனும் போடியில் மோதிய அன்று மலை இறங்கிப் போனவர் இங்கே வராத ஓட்டு. 2024-ல் அங்கே ஏப்ரல் 19, இங்கே 26. ஒரு வாரத்தில் விரல் மை அழியாது. வரிசையில் நின்ற பிறகு கையைக் காட்டச் சொன்னால் அவமானம் தொழிலாளிக்கு, கூட்டிவந்த உங்களுக்கு அல்ல. இரண்டு தொகுதியில் போட்டால் இரண்டுமே செல்லாது என்கிறது சட்டம். பட்டியல் படிவத்தில் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை. எந்தக் கட்சியானாலும் வேனை அனுப்பும் முன் இதைச் சொல்லிவிடுங்கள். ஒரு இடத்தை விட விரும்புகிறவருக்கு படிவம் 7, இடம் மாறியவருக்கு படிவம் 8, பெயரே இல்லாதவருக்கு படிவம் 6. உள்ளாட்சிப் பட்டியல் மாநிலத் தேர்தல் ஆணையத்தினுடையது, சட்டமன்றப் பட்டியல் வேறு. 2025 டிசம்பர் 9 உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டதால் இதிலும் பெயர் இருக்கும் என்று நம்பி இருப்பவர்கள் லயத்துக்கு லயம் உண்டு.

வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தத்தில் 2002 பட்டியலில் சொந்தப் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று கேட்டார்கள். தேனிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த பெண்ணின் பெற்றோர் தமிழ்நாட்டுப் பட்டியலில் இருப்பார்கள். தமிழ்ப் பெயர் மலையாளத்துக்குப் போய் அங்கிருந்து இங்கிலீஷுக்கு வரும்போது முனியாண்டி வேறு ஆளாகிவிடுகிறார். படிவத்தில் மலையாளக் குடும்பம் வீட்டுப்பெயர் எழுதும் கட்டத்தில் லயத்துக்காரருக்கு எஸ்டேட் பெயரும் லைன் எண்ணும்தான். லயம் மாறினால் அதுவும் பொருந்தாது. இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பூத்துக்கு ஒருவராக உட்காரவைத்தால் தீரும் வேலை இது.

மனசு எதனால் மாறுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், உங்களுக்கே தெரியும். வீடு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேர் லயத்தோடு போனார்கள், அதற்கப்புறமும் லயத்து வீடு லயத்து வீடாகத்தான் இருக்கிறது. பட்டயம் (நில உரிமைப் பத்திரம்). 1999-ல் ரவீந்திரன் என்ற வருவாய் அதிகாரி கொடுத்த 530 பட்டயங்களை ரத்து செய்ய 2022-ல் உத்தரவு வந்தபோது எல்லா முன்னணிக்காரர் வீட்டிலும் கலக்கம். ஜாதி சர்டிபிகேட். பட்டியல் சாதி என்று சான்று வாங்க 1950 ஆகஸ்ட் 10-க்கு முன் குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். தனித்தொகுதியான தேவிகுளத்தில் ராஜாவின் எம்எல்ஏ பதவியே இந்தக் கேள்வியில்தான் 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தில் பறிபோய், 2025 மேயில் உச்சநீதிமன்றத்தில் திரும்பி வந்தது. எம்எல்ஏவுக்கு வக்கீல் இருந்தார். பிளஸ்டூ முடித்த லயத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? தோட்டங்களின் பழைய பேர்ப்பதிவேட்டு நகலை வாங்கித் தருகிற சங்கத்துக்கு அந்தக் குடும்பம் சந்தா கேட்காமலே கட்டும்.

பாஜகவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருவனந்தபுரம் மாநகராட்சியில் 101-ல் 50 வாங்கிய சூட்டோடு மலை ஏறுகிறீர்கள். அங்கே பலித்தது இங்கே அப்படியே பலிக்கும் என்று நினைக்க வேண்டாம். 2021-ல் உங்கள் கூட்டணியின் அதிமுக வேட்பாளர் மனு தேவிகுளத்தில் பரிசீலனையிலேயே தள்ளுபடியானது, ஒரு சுயேச்சையைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. இந்த முறை பிரமாணப் பத்திரமான படிவம் 26-ல் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பொருந்தாத இடத்தில் "இல்லை" என்று எழுதுங்கள், நோட்டரி முத்திரையைப் பாருங்கள், மாற்று வேட்பாளர் மனுவையும் அதே கவனத்தோடு கொடுங்கள்.

வரைவுப் பட்டியல் மேல் கோரிக்கை கொடுக்கக் காலவரம்பு உண்டு. ஒரு பூத் ஏஜண்ட் நாளைக்கு 10 படிவத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்க முடியாது. இன்றைக்கே பூத்துக்கு ஒரு ஏஜண்டை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பகுதிகளில் பூத் கணக்குப் பார்க்கும் சிலர்