பேட்டரி கொண்டுவர முடியாதுடா தம்பி

ஃப்ரைபர்க், ஜெர்மனி
மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா என்று எழுது. குளிர் இன்னும் முழுதாக விடவில்லை. காலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது உன் மின்சார மலைச்சைக்கிளுக்கு இன்னொரு பேட்டரி வாங்கி வரச் சொல்லியிருந்தாய். அது நடக்காதுடா. 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி. உன்னுடையது 36 வோல்ட், 14 ஆம்ப்-அவர். பெருக்கிப் பார், 504 வாட்-அவர். ஆகவே இருக்கிற ஒன்றைத்தான் காப்பாற்ற வேண்டும். ஒரே வருஷத்தில் ஓடும் தூரம் பாதியாகிவிட்டது என்கிறாய். நீ அதை மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் முழு சார்ஜில் வைத்திருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2023-ல் இந்த நாட்டில் விற்ற சைக்கிள்களில் பாதிக்கு மேல் மின்சைக்கிள். அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே நிலவறை இருக்கும். வண்டியை அங்கே நிறுத்திவிட்டுப் பேட்டரியை மட்டும் கழற்றி மேலே கொண்டு வருவார்கள். வந்த கையோடு சார்ஜில் போடமாட்டார்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே, அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து, பிற்பாடு ஷார்ட் ஆகக்கூடும். அறைச்சூட்டுக்கு வந்தபிறகே செருகுவார்கள். நம் ஊருக்கு இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்: வெயிலில் ஓட்டி வந்தால் ஒரு மணி நேரம் ஆறவிடு. 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றாதே. கத்திரி வெயிலில் மதியம் தகரத்துக்கு அடியில் அதைவிட எவ்வளவோ கூடிப்போகும்.

செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிரம்பும். உன் பேட்டரியில் வரிசையாக இணைத்த பத்து செல்லுக்கு, முழு சார்ஜில் 42 வோல்ட். அந்த நிலையில் சூட்டில் கிடந்தால்தான் வேகமாகக் கெடும். அன்றாடத்துக்கு 80 சதவீதம் போதும். அழகர்கோவில் வரை போய்த் திரும்புகிற நாளுக்கு முந்தின இரவு மட்டும் முழுதாக ஏற்று. மாதம் ஒருமுறையும் முழுதாக ஏற்றிவிடு, செல்கள் ஒன்றுக்கொன்று சமமாக அது வேண்டும். சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் தரைமேல் வை. காலியாக மட்டும் போட்டு வைக்காதே. தானாகவே இன்னும் இறங்கி, அப்புறம் சார்ஜே ஏறாமல் போய்விடும்.

எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் வேண்டாம். உன்னிடம் இருப்பது 2 ஆம்ப் சார்ஜர். 30-லிருந்து 80 சதவீதம் வர மூன்றரை மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டால் பத்தரைக்குக் கழற்றிவிடலாம். மெத்தை, சோபா பக்கத்தில் வேண்டாம், வாசலை மறித்தும் வைக்காதே. கூடவே வந்த சார்ஜர் தவிர வேறெதையும் செருகாதே. பேட்டரி கீழே விழுந்து நெளிந்தாலோ, உப்பினாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ சார்ஜ் போடாமல் வீட்டுக்கு வெளியே வெறுந்தரையில் தள்ளி வை. செத்ததைப் பழைய இரும்புக் கடையில் போடாதே; நம் நாட்டில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரித்தவர்களே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பஞ்சர். இங்கே ரோட்டில் கிடக்கும் கண்ணாடிச் சில்லு, அங்கே சீமைக்கருவேல முள். டயரில் காற்று 30-லிருந்து 35 பிஎஸ்ஐ போதும். பஞ்சரானால் பின்சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டப் பார். மோட்டார் அந்தச் சக்கரத்தில்தானே இருக்கிறது. டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, ஓட்டை உள்ள இடத்தில் ட்யூபை இழுத்து ஒட்டிவிடலாம். பிறகு டயரின் உட்புறத்தைத் துணியால் தடவு, வெறும் விரலால் வேண்டாம். முனை உடைந்த முள் துணியில் மாட்டும். அதை எடுக்காமல் மூடினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி பஞ்சர்.

கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், ஸ்விட்சை அணைத்துப் பேட்டரியை எடுத்துவிடு. மோட்டார் வயரின் இணைப்பைத் திருகாமல் நேராக இழு. இரண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும், மாட்டும்போது அவை நேருக்கு நேர் வரவேண்டும். அச்சு நட்டுக்குப் பெரும்பாலும் 18-ஆம் நம்பர் ஸ்பானர். நட்டுக்குள்ளே மூக்கு நீட்டிய ஒரு வாஷர் இருக்கும், அதன் மூக்கு ஃப்ரேமின் பள்ளத்தில் உட்காரவேண்டும். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள். பஞ்சர் கடையில் அதை மறந்துவிட்டு நட்டை மட்டும் முறுக்கினால், மோட்டார் இழுக்கும்போது அச்சே சுழன்று வயரை அறுத்துவிடும். மோட்டாரே போன மாதிரிதான். நட்டு 40 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இருக்கட்டும். வயர் அச்சிலிருந்து கீழே தொங்கி வளைந்து மேலே போகட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் இறங்காது.

மோட்டார் சக்கரத்தில் கம்பிகள் தளரும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சத்தம் தரும். ஒன்று மட்டும் தொளதொளவென்று கேட்டால் இறுக்கவேண்டியது அதுதான். வாட்டர் சர்வீஸ் கடைக்கு வண்டியை விடாதே. அந்த அழுத்தத்தில் தண்ணீர் பேரிங்குக்குள்ளும் வயர் இணைப்புக்குள்ளும் புகுந்துவிடும். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும்.

செயின் சுலபம். மோட்டார் பின்சக்கரத்தில் இருப்பதால் உன் செயினுக்கு உன் கால் பலம் மட்டும்தான். ஆனால் வைகை மணல் அரைத்துத் தள்ளும். துடைத்துவிட்டு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய், பத்து நிமிஷம் கழித்து மேலே ஒட்டியிருப்பதைத் துடை. ஸ்கேலில் அளந்தால் 12 முழுக் கண்ணி (உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் கூடிவிட்டால் மாற்று.

பிரேக்கை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதே. மின்சைக்கிள் கனம், சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அத்தனை கனத்தையும் பிரேக்தான் தாங்கும். டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேடில் தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டர் ஆனதும் மாற்றிவிடு; அரை மில்லிமீட்டர் கடைசி எல்லை. டிஸ்க் 1.5 மில்லிமீட்டருக்கு மெலிந்தால் அதையும் மாற்று. புதுப் பேட் போட்டால் 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது தடவையாவது பிடித்துப் பழக்கு. கீச்சென்று கத்துகிறது என்று எழுதியிருந்தாய். செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடித்தபோது டிஸ்க்கில் பட்டிருக்கும். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடை. எண்ணெய் குடித்த பேடை மாற்றத்தான் வேண்டும். மெக்கானிக் பைக்குக்கு ஊற்றும் டாட் 4 திரவத்தை உன் பிரேக்கில் ஊற்றப் பார்ப்பார், விடாதே. உன்னுடையது போன்ற ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில்தான். மாறிப் போனால் உள்ளே சீல் உப்பி லீவர் சிக்கிக்கொள்ளும்.

இறங்கும்போது பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வராதே, டிஸ்க் காய்ந்துகொண்டே போகும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடி, பிறகு முழுசாக விடு. லீவர் அமுங்கிக்கொண்டே போவது போலிருந்தால் நிறுத்தி ஆறவிடு, டிஸ்க்கைத் தொடாதே. கிளம்பும் முன் தினமும் ஒரு சோதனை: பின்சக்கரத்தைத் தூக்கித் திராட்டிலைத் திருகிக்கொண்டே பிரேக்கைப் பிடி. மோட்டார் அந்த நொடியே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் லீவரில் உள்ள சென்சார் கெட்டிருக்கிறது, ஓட்டாதே.

இங்கே சாதாரண மின்சைக்கிளுக்குத் திராட்டிலே கிடையாது. மிதித்தால்தான் உதவி, 25-ஐத் தொட்டதும் அதுவும் நின்றுவிடும். நம் நாட்டிலும் 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் லைசென்சும் பதிவும் வேண்டாம். வேகத்தைத் திறந்துவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுத்துவிடாதே. நான் இருக்கும் இந்த ஜெர்மன் மாநிலத்தில் இரண்டு மீட்டர் அகலத்துக்குக் குறைந்த காட்டுப் பாதையில் சைக்கிளே ஓட்டக்கூடாது, நடப்பவருக்கும் மண்ணுக்குமாகப் போட்ட சட்டம். எனக்கு அது சரியென்றுதான் படுகிறது. அரிட்டாபட்டி 2022-லிருந்து பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்; அந்தப் பாறைமேல் சக்கரம் ஏற்றாதே. அழகர்மலைக் காட்டுக்குள் என்றால் முதலில் வனத்துறையிடம் கேள்.

பேட்டரியைத் தவிர மற்றதெல்லாம் கொண்டுவரலாம். பேடின் பின்தகட்டில் உள்ள எண், டிஸ்க்கின் விட்டம், செயின் எத்தனை கியருக்கானது, ட்யூப் வால்வு தடிப்பா மெல்லிசா, இந்த நாலையும் எழுதி அனுப்பு. முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் ஒன்று எடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் பேட்டரியைக் கொட்டகையிலிருந்து கீழே இறக்கி, அப்பா புத்தகம் வைத்திருக்கும் வடக்கு அறையில் வை.

அன்புடன்,
அக்கா