முகாம் சமையலறை: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

கூடார முகாமுக்கான சம்மதக் கடிதங்கள் அநேகமாக எல்லாமே வந்துவிட்டன. கூடவே கேள்விகளும் வந்திருக்கின்றன. "சாப்பாட்டை வெளியில் சொல்லி வாங்கிவிடலாமே, பிள்ளைகள் ஏன் நெருப்பருகில் நிற்க வேண்டும்?" என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கிவிடலாம், எங்களுக்கும் வேலை மிச்சம். ஆனால் சமைப்பதைவிட, சமைக்கும் இடத்தை அமைப்பதைத்தான் நாங்கள் பாடமாக நினைக்கிறோம். வீட்டில் அடுப்பு, தொட்டி, குப்பைக்கூடை எல்லாம் எங்கே என்று யாரோ முன்பே தீர்மானித்துவிட்டார்கள். வெட்டவெளியில் அதைப் பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் காற்றைப் பார்ப்பார்கள். காற்று கூடாரங்கள் பக்கமிருந்து அடுப்பை நோக்கி வீச வேண்டும். திசை மாறி இருந்தால் புகையும் தீப்பொறியும் கூடாரத்துக்கு வரும். கூடாரத் துணி பெரும்பாலும் நைலான், ஒரு பொறி போதும். அடுப்பைச் சுற்றி மூன்று மீட்டருக்குக் காய்ந்த சருகு, புல் எதுவும் இல்லாமல் பெருக்கிவிட வேண்டும். அடுப்புக் கல்லுக்கு ஆற்றங்கரைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்ளே ஊறிய நீர் சூட்டில் ஆவியாகிக் கல்லையே வெடிக்க வைக்கும். காஸ் அடுப்பும் ஒன்று இருக்கும். அதன் டியூபையும் இணைப்புகளையும் சோப்பு நீர் தடவி ஆசிரியர்கள் சோதிப்பார்கள். குமிழி வந்தால் பற்றவைக்க மாட்டோம்.

மழை வந்தால்? மேலே உயரமாகத் தார்ப்பாய் கட்டுவோம், பக்கங்கள் திறந்தே இருக்கும். எவ்வளவு மழையானாலும் அடுப்போ, கங்கு உள்ள சட்டியோ கூடாரத்துக்குள் போகாது. அடுப்பும் கங்கும் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவருக்கு எதுவுமே தெரியாது. இந்த ஒரு விதியில் மட்டும் எந்த மாணவருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. உங்கள் பங்குக்கு நீங்களும் ஒரு முறை சொல்லி அனுப்புங்கள்.

நீங்கள் பயப்படுவது நெருப்புக்கு. உண்மையில் முகாம்களில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் கைகளும், ஆறிக் கிடக்கும் உணவும்தான். அதனால் எங்கள் சமையலறையில் முதலில் அமைவது அடுப்பு அல்ல, கை கழுவும் இடம். குழாய் வைத்த கேன், சோப்பு, 20 விநாடி. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க மாட்டோம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். மறுபடி சூடாக்கினால் போதாதா என்று கேட்கலாம். சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஆகவே அளவாகச் சமைப்போம், மிச்சம் வைக்க மாட்டோம். குடிநீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டு ஆறவைத்தது. பாத்திரம் கழுவுவது ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி. சோப்பு நீர் ஓடையில் கலக்கக் கூடாது.

கத்தி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொடுப்போம். உட்கார்ந்து, பலகை மேல் வைத்து, பக்கத்தில் ஆசிரியர் இருக்க நறுக்குவார்கள். மொட்டைக் கத்திதான் வழுக்கும் என்பதால் கூர்மையான கத்தியே தருவோம். சூடு பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவோம். பற்பசை, எண்ணெய், பனிக்கட்டி எதுவும் வைக்க மாட்டோம். முதலுதவி தெரிந்த ஆசிரியர் சமையல் முடியும் வரை அங்கேயே இருப்பார்.

அப்புறம் ஒரு விஷயம். சமைப்பது, விறகு பொறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் எல்லோருக்கும் முறை வைத்து வரும், பையன்களுக்கும்தான். "என் மகனுக்கு இதெல்லாம் பழக்கமில்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்காகத்தான் அழைத்துப் போகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முகாமுக்கு முன் ஒரு நாள் அடுப்பைப் பற்றவைக்கவும், காய் நறுக்கவும், ஒரு பாத்திரத்தை ஒழுங்காகத் தேய்க்கவும் விடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள். சமையல் நேரத்துக்குத் தளர்வில்லாத பருத்தி உடை, விரல்கள் மூடிய காலணி, நீண்ட முடிக்கு ரப்பர் பேண்ட் வைத்து அனுப்புங்கள். தின்பண்டப் பொட்டலங்கள் வேண்டாம். இரவில் அதன் வாசனைக்கு எலியும் எறும்பும் கூடாரத்துக்குள் வரும். எறும்பு கடித்தவர் எழுப்புவது என்னைத்தான்.

எந்த உணவாவது ஒத்துக்கொள்ளாது என்றால், மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்கள் என்றால், வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சமையல் பட்டியலை அதைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்