அந்தப் படப் புத்தகங்களைத் திருப்பித் தாருங்கள்

பள்ளியின் நூல் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ஒன்றாம் வகுப்பு வாசிப்பு மூலையிலிருந்து போன வாரம் நீங்கள் எடுத்துச் சென்ற படப் புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். "பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி. பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், படிப்பதில்லை" என்றீர்கள். இப்போது அங்கே பத்தி பத்தியாக எழுதிய கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் எடுக்கிறார்கள், புரட்டுகிறார்கள், வைத்துவிடுகிறார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன், வாசிப்பு நேரத்தில் வாயே திறக்க மாட்டான். "எட்டிப் பாரு, உள்ளே யாரு?" என்று ஒவ்வொரு பக்கத்திலும் வரும் புத்தகத்தை எடுத்தபோது, நான்காம் பக்கத்தில் எனக்கு முன்னால் அவன் அந்த வரியைச் சொல்லிவிட்டான். ஆமாம், மனப்பாடம்தான். அப்புறம் விரலை வைத்துச் சொல்லச் சொன்னேன். எட்-டிப்-பா-ரு என்று ஒவ்வோர் அசைக்கும் ஒரு சொல்லாக விரலை நகர்த்தினான். "பாரு" என்று முடிப்பதற்குள் விரல் வரியின் கடைசிக்குப் போய்விட்டது. வாயில் இன்னும் பாதி வரி மிச்சம். நின்றான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மூன்றாவது தடவை நான்கு சொல்லுக்கு நான்கு இடத்தில் விரல் சரியாக நின்றது. வரி மனதில் இல்லையென்றால் தான் தவறியதே அவனுக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் அவனே வந்து, "பாரு, யாரு, ரெண்டுலயும் இந்த 'ரு' இருக்கு டீச்சர்" என்றான். எதுகையைக் காது பிடித்தது, கண் எழுத்தைக் கண்டுகொண்டது. சொற்களின் ஒலி ஒற்றுமையை நான்கைந்து வயதில் உணரும் பிள்ளைகள் பின்னால் நன்றாக வாசிக்கிறார்கள் என்று லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1983இலேயே நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள்.

படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிடும் பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. அப்போது படத்தைத் தாளால் மூடிவிட்டுக் கேட்கிறேன். எழுத்துப் பயிற்சியையும் நான் ஒருநாள்கூட விட்டதில்லை. தமிழில் 247 எழுத்து. அத்தனையும் முடிந்த பிறகுதான் புத்தகம் என்றால், அதுவரை அந்தப் பிள்ளை எதற்காகப் படிக்க வேண்டும்? அந்தப் புத்தகங்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பது இதனால்தான்.

எத்தனை பக்கம் முடித்தார்கள், எத்தனை புதுச்சொல் கற்றார்கள் என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிறோம். ஒரு பிள்ளை அதே புத்தகத்தைப் பத்தாவது முறை கேட்டால் மட்டும் நமக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒரு வகுப்பிலாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கலாம். எனக்கு வருத்தம் அதில்தான்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதுப் புத்தகங்களும் இருக்கட்டும், பழையவற்றையும் அலமாரியில் வையுங்கள். அந்தப் பையன் தினமும் கேட்கிறான். திங்கட்கிழமை வாசிப்பு நேரத்துக்கு முன்பாகக் கிடைத்தால் உதவியாக இருக்கும். நீங்களும் வாருங்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை