மூன்று பக்கங்களைக் காணோம்

அன்புள்ள துணையாசிரியருக்கு,

நான் நலம், நீயும் அப்படித்தான் இருப்பாய். மூன்று மாத மௌனத்துக்குக் கம்ப்யூட்டரைக் காரணம் சொல்லப் போகிறேன். உண்மையில் பத்து நாளுக்குத்தான் அது பொறுப்பு, மிச்சம் என் சோம்பல். ஆனால் அந்தப் பத்து நாளைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு நாள் காலையில் மெயில் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பாக இல்லை என்று ஒரு மிரட்டல். வங்கித் தளத்திலும் அதே மிரட்டல். எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று முடிவுகட்டி, போனில் கடவுச்சொல்லை மாற்றினேன். பயம் போகாமல் மறுபடியும் மாற்றினேன். இரண்டாவதாக என்ன வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தப்புத் தப்பாக அடித்ததில் கணக்கே சில நாள் பூட்டிக்கொண்டது. சிரி, சிரி.

பிறகு பார்த்தால் கம்ப்யூட்டர் 2009இல் உட்கார்ந்திருக்கிறது! தான் அசல்தான் என்று ஒவ்வொரு தளமும் காட்டும் சான்றிதழுக்கு ஆரம்ப நாளும் முடிவு நாளும் உண்டாம். 2009இல் நின்று பார்த்தால் அவை எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்குமே, சிஆர் 2032, அது தீர்ந்துபோயிருந்தது. (20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதுதான் அந்த எண். எனக்கும் இப்போதுதான் தெரியும்.) மின்சாரத்தை நிறுத்தினால் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடுகிறது. இணையத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளாதா என்று கேட்பாய். சில நிமிடம் பிசகினால் திருத்திக்கொள்ளும். வருடக்கணக்கில் பிசகினால் விண்டோஸ் எதையும் நம்பாமல் கையைக் கட்டிக்கொள்கிறது.

அந்த மிரட்டல் பக்கத்திலேயே, கொஞ்சம் கீழே, கணினியின் தேதியைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரி இருந்திருக்கிறது. அத்தனை பேர் எழுத்துக்கும் பிழை திருத்திய நான் ஒரு பக்கத்தை முழுசாகப் படிக்கவில்லை.

பேட்டரியை மாற்றித் தேதியையும் சரிசெய்தேன். உள்ளே போக முடிந்தது. அப்புறம்தான் பெரிய நோய் கண்ணில் பட்டது. ஹேங் ஆவது முன்பே இருந்ததுதான், வயசாகிவிட்டது என்று விட்டிருந்தேன். மவுஸ் அம்பு நகரும், எதைத் தட்டினாலும் அசையாது. பெட்டியின் சின்ன விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அரை நிமிடம் கழித்து, தட்டியதெல்லாம் ஒரே சமயத்தில் திறக்கும். உன் சர்வரோக நிவாரணி எனக்குத் தெரியும்: 'ஃபார்மட் பண்ணு'. நல்லவேளை உன்னைக் கேட்கவில்லை, இருந்ததெல்லாம் அழிந்திருக்கும்.

தூசி தட்டினேன். ராத்திரி முழுக்க மெமரியைச் சோதித்தேன், ஒரு பிழையும் இல்லை. கடைசியில், விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால், சிவப்பு வரிகள் வரிசையாக: டிஸ்க், எண் 7, 'பேட் பிளாக்'. ஹார்ட் டிஸ்க் ஒரு இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்திருக்கிறது. அது முடிகிறவரை விண்டோஸும் வாயைப் பிளந்து காத்திருந்திருக்கிறது.

இங்கே ஒன்று சொல்கிறேன், விளையாட்டில்லை. டிஸ்க் இப்படி ஆனால் உடனே செக்டிஸ்க் ஓட்டாதே, டிஸ்க் முழுக்கச் சோதித்துத் திருத்தப் பார்க்குமே, அதை. சாகக் கிடப்பவனை ஓடவிட்டு நாடி பார்க்கிற வேலை அது. முதலில் வேண்டியதை வெளியே எடு. எது மிக முக்கியமோ அது முதலில். நான் முதலில் எடுத்தது எது என்று உனக்குத் தெரியும். நம் பத்திரிகைதான், 42 பக்கம், நம் கார்ட்டூனிஸ்ட் மீசை ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஸ்கேன் செய்து தந்தது. வேறு எங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்கச் சொல்லி அவன் எத்தனை தடவை கத்தியிருப்பான்.

39 பக்கம் வந்துவிட்டன. ஒன்றைப் படிக்கவே முடியவில்லை, உன் நிலாக் கவிதை. டிஸ்க்குக்கும் ரசனை இருக்கிறது. இன்னொன்று என் தலையங்கம், போனால் போகட்டும். மூன்றாவது பின்னட்டை, மீசை வரைந்த அந்தக் கார்ட்டூன், நாம் மூன்று பேரும் சைக்கிளில் போவோமே, அது. அது பாதிவரை திறக்கிறது. உன் தலை தெரிகிறது, என் தலை தெரிகிறது, கீழே சாம்பல் நிறம். பின் சீட்டில் அவன் தன்னை வரைந்திருந்த இடம் இல்லை.

மூலம் அவன் வீட்டில்தான் இருக்க வேண்டும், அந்தத் தகரப் பெட்டியில். எனக்குக் கேட்கத் தைரியமில்லை. காரியத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை, ஒரு போன்கூடப் பண்ணவில்லை. மௌனம் உன்னிடம் மட்டும் இல்லை என்று இப்போது புரிந்திருக்கும். நீதான் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாய். பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல். இருந்தால் நாம் இரண்டு பேருமே போவோம், ஸ்கேனரை நான் தூக்கி வருகிறேன். இந்தத் தடவை பிரதி உன்னிடமும் ஒன்று இருக்கட்டும். ஆனால் தயவுசெய்து அதை ஃபார்மட் பண்ணிவிடாதே.

இப்படிக்கு,
பொறுப்பாசிரியர்